வடசென்னையிலிருந்து போய்க் காதல் நகைச்சுவை எழுதி இயக்கி வாழ முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி தன்னைப் பற்றி நான்கு வரிகள்தான் எழுதியிருக்கிறார். வயது 24, வீடு கொருக்குப்பேட்டையில், மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. காதலும் சிரிப்பும் கலந்த படங்களை எழுதி இயக்க ஆசை. நம் பக்கத்திலிருந்து போனால் கத்திக் கதைதான் கேட்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். இந்த வகைப் படத்தை நம்பி ஒருவர் கடைசிவரை தொழில் செய்ய முடியுமா, முதலில் எழுத்தாளராகப் போவதா உதவி இயக்குநராகப் போவதா, வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறார். வெளியே பார்த்தால் இது பிழைப்பைப் பற்றிய கேள்வி. எனக்கு அதற்குள் இன்னொன்றும் கேட்கிறது. எங்கள் தெருவில் நடக்கும் காதலைப் பார்த்து ஊரே சிரிக்க வேண்டும், ஆனால் அந்தச் சிரிப்பில் எங்களைப் பற்றிய இளக்காரம் இருக்கக் கூடாது, அப்படி ஒரு படத்தை நான் எடுக்க முடியுமா என்பதுதான் அது. இரண்டுக்கும் என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். 22 ஆண்டுகள் உதவி இயக்குநராகவும் பிறகு இணை இயக்குநராகவும் வேலை செய்தேன்; நடுவில் சில படங்களுக்கு வசனம் எழுதினேன். முழுநீளப் படம் ஒன்றை என் பெயரில் இயக்கியதில்லை, பணம் போட்டுப் படம் எடுத்ததும் இல்லை. அதனால் ஒரு காட்சி எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் கெடுகிறது என்று நான் சொல்வதை நம்பலாம். தயாரிப்பாளர் எதை நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார் என்பதை இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் முதல் பள்ளிக்கூடம் ஒரு புரொஜெக்டர் அறை. அப்பா தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். கோடை விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் அந்த அறையிலேயே உட்கார்ந்துவிடுவேன். ஒரே படத்தை முப்பது முறை பார்த்தால் திரையைப் பார்ப்பதில் ஒன்றும் இருக்காது. கண் தானாகக் கீழே இருக்கும் தலைகளுக்குப் போய்விடும். மேட்டினிக்குப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். வசனம் வருவதற்கு முன்பே, நடிகரின் முகம் மாறும் கணத்திலேயே, அவர்கள் சிரித்துவிடுவார்கள். இரண்டாவது ஆட்டத்துக்குத் துறைமுகத்திலும் காசிமேட்டிலும் வேலை முடித்து வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வசனத்துக்குச் சிரிப்பது குறைவு, அடுத்த ஆள் சொல்லும் பதிலுக்குத்தான் வெடிப்பார்கள். சிரிப்பு வரியில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, வரிக்கு முன்னும் பின்னும் இருக்கும் காத்திருப்பில் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். இதை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வகைப் படத்தோடு ஒருவருடைய தொழில் வாழ்க்கை எப்படிப் பின்னிக்கொள்ளும் என்று பார்க்கத் தமிழில் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவர் ஸ்ரீதர். அவர் எழுத்தாளராகத்தான் உள்ளே வந்தார். 1954இல் அவருடைய நாடகம் ‘ரத்தபாசம்’ படமானது. அதே ஆண்டு ‘எதிர்பாராதது’, 1956இல் ‘அமரதீபம்’ என்று எழுதிக்கொண்டே இருந்து, 1959இல் ‘கல்யாணப் பரிசு’ மூலம் இயக்குநரானபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அது கண்ணீரில் முடியும் காதல் கதை. அதற்குள்ளேயே தங்கவேலு தன்னை எழுத்தாளர் பைரவன் என்று மனைவியிடம் அளந்துவிடும் பகுதியும் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964இல்தான், செங்கல்பட்டிலிருந்தே உடன்வந்த நண்பர் கோபுவோடு சேர்ந்து ‘காதலிக்க நேரமில்லை’யை எழுதினார். அந்தப் படத்தின் எந்திரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஏழைப் பையன் பணக்காரன் என்று பொய் சொல்கிறான். அந்தப் பொய்க்கு ஒரு பணக்கார அப்பா தேவைப்படுகிறார். நண்பனே வேஷம் போட்டு அப்பாவாக வருகிறான். அந்த நண்பன் காதலிப்பதோ அதே வீட்டின் மூத்த பெண்ணை. ஒரு பொய் தன் எடையைத் தாங்க இன்னொரு பொய்யைக் கேட்டுக்கொண்டே போகிறது. பாலையாவிடம் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அந்தக் காட்சி ஆடுவதற்கு ஏற்றபடி இந்தப் பொய்களின் தளம் கீழே உறுதியாகப் போடப்பட்டிருக்கிறது, எழுத நினைப்பவர் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

ஸ்ரீதரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. அழவைக்கும் காதலை எழுதிப் பழகிய கைதான் சிரிக்கவைக்கும் காதலையும் எழுதியது. பிரிவின் வலி தெரியாதவர் எழுதும் காதல் நகைச்சுவையில் ஜோடி சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நமக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, நகைச்சுவைக்கு எதிரே உட்கார்ந்து சிரிக்கவும் முகம் சுளிக்கவும் ஒரு ஆள் வேண்டும். உங்களுக்கு ஒரு கோபு இருக்கிறாரா என்று தேடுங்கள். அவர் சினிமாக்காரராக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது பாக்யராஜ். 1977இல் ‘16 வயதினிலே’யில் பாரதிராஜாவின் உதவியாளர், 1979இல் தானே இயக்குநர். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்துக்கு வசனமும் எழுதிவிட்டார். 1981இல் வந்த ‘இன்று போய் நாளை வா’ நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பாடப்புத்தகம். மூன்று நண்பர்கள், ஒரு பெண், ஒரு தெரு. வெளிநாடு கிடையாது, பங்களா கிடையாது. பெண்ணின் வீட்டுக்குள் நுழைய ஒருவன் அவள் அப்பாவிடம் இந்தி படிக்கப் போகிறான், அவ்வளவுதான். அந்த ஒரு காரணத்திலிருந்து எத்தனை காட்சி கறந்திருக்கிறார் பாருங்கள். செலவில்லாமல் எடுக்கக்கூடிய கதை என்பதற்கும் குறுகிய கதை என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் படத்தில் தெரியும். பாண்டியராஜனும் பார்த்திபனும் அவரிடம் பழகி வந்தவர்கள். இந்தத் தொழில் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் கைமாறியிருக்கிறது.

எழுதுகிறவர் ஏன் இயக்கவும் ஆசைப்படுகிறார் என்ற கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து மூன்று பேரைச் சொல்கிறேன். பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் அங்கே நன்றாகச் சம்பாதித்த திரைக்கதையாசிரியர். தானே இயக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு கதையைப் பெயரளவுத் தொகைக்கு ஸ்டுடியோவுக்குக் கொடுத்து 1940இல் இயக்குநரானார். பில்லி வைல்டர் தன் எழுத்தை மற்றவர்கள் படப்பிடிப்பில் கெடுப்பதைப் பொறுக்க முடியாமல்தான் இயக்கத்துக்கு வந்தார். பிறகு 1960இல் ‘தி அபார்ட்மென்ட்’ எடுத்தார். நோரா எஃப்ரான் பத்திரிகையாளராக இருந்து திரைக்கதைக்கு வந்தவர். 1989இல் அவர் எழுதிய ‘வென் ஹாரி மெட் சாலி’யை வேறொருவர் இயக்கினார். அவர் தானே இயக்கிய முதல் படம் வெளிவந்தது 1992இல், ஐம்பது வயதில். இந்த ஐம்பது என்ற எண்ணை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூவரையும் இந்த இடத்துக்குத் தள்ளியது பதவி ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை. நகைச்சுவை மிகச் சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள். ஒரு சண்டைக் காட்சியை யார் எடுத்தாலும் அடி அடியாகத்தான் இருக்கும். ஒரு வெட்கத்தை அரை நொடி அதிகமாகப் பிடித்துவைத்தால் அது அசடாகிவிடும். எழுதியவரின் காதில் ஓடும் அந்த நேரக்கணக்கைத் தாளில் எழுதிக்கொடுக்க வழியில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். காதல் நகைச்சுவை எழுத உட்காரும்போது நீங்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த இருவரும் இன்றைக்கே ஏன் ஒன்றுசேர முடியவில்லை? 1964இல் அதற்குப் பதில் அப்பாவின் பண ஆசை. 2022இல் பிரதீப் ரங்கநாதனின் ‘லவ் டுடே’யில் பெண்ணின் அப்பா தடுக்கவில்லை, இருவரும் தங்கள் செல்போன்களை ஒருநாள் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார், அவ்வளவுதான், மீதியைச் செல்போன் பார்த்துக்கொள்கிறது. நமக்கு, வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு, அந்தத் தடை எப்போதும் இடம்தான். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் ஒரு பெண் எங்கே நின்று போன் பேசுவாள்? மொட்டைமாடியில் யாராவது வடகம் காயவைத்துக்கொண்டிருப்பார்கள். காசிமேட்டுக் கல்தடுப்பில் உட்கார்ந்தால் வலை பின்னும் சித்தப்பா பார்த்துவிடுவார். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று போகும் மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் எண்ணி ஐந்தாறு நிறுத்தம்தான் காதல். என் இளமையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைச் சபிக்காத ஆள் கிடையாது. சரக்கு ரயில் ஒன்று நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் சைக்கிளும் ஸ்கூட்டருமாக நிறைந்துவிடும். என் தோழி ஒருத்திக்கு மட்டும் அந்த கேட் மூடினால் முகம் மலரும். அவன் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம், நடுவில் ஓடும் வேகன்களின் இடைவெளியில் துண்டு துண்டாகத் தெரியும் ஒரு முகம். ஊரே வெறுக்கும் ஒரு தடையை இரண்டு பேர் மட்டும் நேசிக்கிறார்கள் என்பதில் ஒரு முழுப் படத்தின் மனநிலை இருக்கிறது. நீங்கள் அங்கேயே வாழ்கிறீர்கள். இதை எழுத தேனாம்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும், உங்களுக்கு அது தேவையில்லை.

இன்னொரு நிஜமும் சொல்கிறேன். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஆண்டுகளில் எங்கள் தெருவில் ஒரு பையன் இரண்டு குடங்களோடு வரிசையில் நிற்பான். ஒன்று அவன் வீட்டுக் குடம், மற்றது எதிர்வீட்டுப் பெண்ணுடையது. தெருவுக்கே தெரியும். அவன் அம்மாவுக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். ஆனால் தனக்குத் தெரியும் என்பது மற்றவளுக்குத் தெரிந்துவிட்டால் பேச்சை யார் முதலில் எடுப்பது, யார் இறங்கிப் போவது என்ற பிரச்சினை வந்துவிடும். அதனால் இரண்டு அம்மாக்களும் இரண்டு ஆண்டுகள் ஒன்றுமே தெரியாதவர்களாக எதிரெதிர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள். இதில் வில்லன் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் ஒரு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வகைக் கதைக்கு இதைவிட நல்ல மண் எனக்குத் தெரியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் காதலைத் தடுக்கும் எல்லாமும் சிரிப்புக்கு உரியவை அல்ல. சாதி பார்த்துப் பிள்ளைகளைக் கொல்கிறார்கள். அந்தத் தடையை இடைவேளைக்கு ஒரு திருப்பமாகத் தூக்கி வைத்துவிட்டு, கடைசியில் ஒரு பாட்டோடு கரைத்துவிடும் திரைக்கதைகளைக் கதை விவாதங்களில் கேட்டிருக்கிறேன். எழுந்து வெளியே போகத் தோன்றும். உயிரைக் கேட்கும் தடையை எழுதப் போகிறீர்கள் என்றால் அதற்குரிய கனத்தோடு எழுதுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். பேச்சுமொழியும் அப்படித்தான். வடசென்னைப் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் சிரிக்க வேண்டும் என்று தமிழ் சினிமா பல காலம் ரசிகர்களைப் பழக்கியிருக்கிறது. உங்கள் கதாபாத்திரங்கள் நம் பேச்சையே பேசட்டும், ஆனால் சிரிப்பு சூழ்நிலையிலிருந்து வரட்டும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. காட்சியை மதுரைப் பேச்சிலோ நாகர்கோவில் பேச்சிலோ மாற்றி எழுதிப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் காட்சி நிற்கிறது. வரவில்லை என்றால், நீங்கள் உங்கள் பாட்டியின் நாக்கை விற்றிருக்கிறீர்கள்.

கத்திக் கதைதான் கேட்பார்கள் என்ற பயத்தில் பாதி உண்மை. 2014இல் வியாசர்பாடியை வைத்து ‘மெட்ராஸ்’ வந்தது, 2018இல் ‘வட சென்னை’ வந்தது, இரண்டும் பேசப்பட்டன. ஒரு இடத்தின் பெயர் ஒரு வகைப் படத்தோடு ஒட்டிக்கொண்டால் கதை கேட்பவர்கள் அதையே எதிர்பார்ப்பார்கள். ஆனால் ‘மெட்ராஸ்’ எடுத்த பா. ரஞ்சித் 2012இல் ‘அட்டகத்தி’ என்ற காதல் நகைச்சுவையோடுதான் இயக்குநராக அறிமுகமானார் என்பதை நண்பர்களுக்கு நினைவுபடுத்துங்கள். நகர விளிம்பில் வாழும் ஒரு பையன், காதல் கைகூடவில்லை என்றால் சோகமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சோகமாக இருக்க முயல்கிறான், அது அவனால் முடியவில்லை. அந்த அன்பான பார்வை வெளியாளுக்கு வராது. நம் தெருக்களுக்குரிய பெரிய காதல் நகைச்சுவை இன்னும் எடுக்கப்படவில்லை என்று நான் நினைக்கிறேன். இது என் தீர்ப்பு மட்டுமே, மறுப்பவர்கள் இருப்பார்கள்.

எழுத்தாளரா, உதவி இயக்குநரா என்பதற்கு வருகிறேன். தமிழ் சினிமாவில் உதவி இயக்குநராகச் சேருவது இன்றும் பெரும்பாலும் அறிமுகத்தின் மூலம்தான். முதல் படத்தில் பேட்டா கிடைக்கும், சம்பளம் பேசியபடி வரும் என்று நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள். கிளாப் அடிப்பது, கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள பொருத்தம், எழுதுவது, நடிகர் எந்தக் கையில் டம்ளரைப் பிடித்திருந்தார் என்று நினைவில் வைப்பது, இவற்றில்தான் முதல் இரண்டு ஆண்டுகள் போகும். இதெல்லாம் வீண் அல்ல. ஒரு சிரிப்புக் காட்சி ஐந்தாவது டேக்கில் ஏன் செத்துப்போகிறது என்பதை நேரில் நின்றுதான் கற்க முடியும். முடிந்தால் எடிட்டிங் அறையில் உட்கார அனுமதி கேளுங்கள். நான் செட்டில் பத்து ஆண்டுகளில் கற்றதைவிட அங்கே இரண்டு படங்களில் அதிகம் கற்றேன். தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அதன் சேர்க்கை விதிகளையும் பாருங்கள். குறும்பட வழியும் நிஜமானது: பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ 2012இல் அவருடைய குறும்படத்திலிருந்துதான் வளர்ந்தது, ‘லவ் டுடே’யும் அப்படித்தான். உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் எழுதுவேன், எழுதியதில் பத்து நிமிடத்தை செல்போனில் எடுப்பேன், அதைக் கையில் வைத்துக்கொண்டு உதவி இயக்குநர் வேலை தேடுவேன். வெறும் ஆர்வத்தோடு வருபவரைவிடப் பத்து நிமிடப் படத்தோடு வருபவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும்.

கதை சொல்லப் போவதற்கு முன் ஒரு பாதுகாப்பு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கதை விவாதத்தில் அந்த இரண்டு அம்மாக்கள் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து வேறொரு படத்தில் அதைத் திரையில் பார்த்தேன். என் பெயர் எங்கும் இல்லை. என்னிடம் எழுதிவைத்த தாள் ஒன்றுகூட இல்லாததால் பேச வழியில்லை. நீங்கள் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவுசெய்துவிட்டுப் பேசுங்கள். பதிவு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தேதியில் இது என்னிடம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. வெறும் கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அது வடிவம் பெற்ற விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல், ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரு வரிக் கதையைப் பதிவுசெய்து நிம்மதியாக இருக்காதீர்கள்; காட்சிகளையும் வசனத்தையும் எழுதி முடித்த திரைக்கதையாகப் பதிவுசெய்யுங்கள். 2012இல் காப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம், படம் தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது எழுத்தாளருக்குரிய ராயல்டி பங்கை எழுதி வாங்கிவிட முடியாதபடி காக்கிறது. சட்டம் இருப்பதும் பணம் கைக்கு வருவதும் வேறு வேறு, ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். ரீமேக் உரிமை பற்றிய வரியையும் தேடிப் படியுங்கள். காதல் நகைச்சுவை மொழி தாண்டி நன்றாகப் பயணம் செய்யும். ‘காதலிக்க நேரமில்லை’ 1965இல் தெலுங்குக்குப் போனது, 1966இல் ஸ்ரீதரே அதை இந்தியில் இயக்கினார்.

வாழ்நாள் முழுக்க இதை நம்பலாமா என்று கேட்டீர்கள். இந்த வகையில் மட்டுமே கடைசிவரை நின்றவர்கள் குறைவு என்பது உறுதி. ஸ்ரீதர் சோகத்துக்கும் சிரிப்புக்கும் மாறி மாறிப் போனார், பாக்யராஜ் குடும்பக் கதைகளுக்கு நகர்ந்தார், நோரா எஃப்ரான் கட்டுரைகளை விடவே இல்லை. வயதாகும்போது இருபது வயதின் காதல் கைவிட்டுப் போகும் என்று சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. இருபது வயதின் கைப்பேசிதான் கைவிட்டுப் போகும், வெட்கம் போகாது. தியேட்டரில் இந்த மாதிரி நடுத்தரச் செலவுப் படங்களுக்கு இனி எவ்வளவு இடம் இருக்கும் என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடப்பட்டபோது வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அந்தக் கூட்டம் இப்போது வீட்டில் தனித்தனித் திரைகளில் பார்க்கிறது. தனியாகப் பார்ப்பவர் புன்னகைப்பார், சத்தம் போட்டுச் சிரிப்பது அரிது. எழுதுகிறவர் இதற்கும் தயாராக வேண்டும்: பக்கத்துச் சீட்டின் உதவியில்லாமலே ஒருவரைச் சிரிக்கவைக்கும் வரிகள் வேண்டும்.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள், தம்பி. இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலையில் தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எழுதுங்கள். உடல் களைத்திருக்கும்போது பொய்யான வசனம் எழுத வராது, இது என் அனுபவம். முதலில் ஒரே ஒரு காட்சி: கேட் மூடியிருக்கிறது, இரண்டு பக்கமும் இருவர், சரக்கு ரயில் ஓடுகிறது. வசனம் கூடாது. நான்கு பக்கத்துக்குள் இருக்கட்டும். எழுதியதை உங்கள் அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், படிக்கும்போது தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.